வெளிப் பாவனைக்கு மட்டும்

அது ஒரு வியாழக்கிழமை மாலை. எல்கடுவைக்கு மேலே இருக்கும் தோட்டத்துச் சின்னக் கோயிலில், தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் பீடத்துக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று கத்தித்தான் சொன்னேன். மழை இல்லாவிட்டாலும் கத்தித்தான் சொல்லியிருப்பேன்.

"ஒரு டாக்டர் இல்ல! ஒரு மருந்து இல்ல! முழங்கால்ல நின்னேன், ஆண்டவர் தொட்டாரு, எந்திரிச்சேன்!"

"அல்லேலூயா!" என்றார்கள். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஈரக் குடையும் மெழுகுதிரியும் கலந்த மணம். சிலர் கைகளைத் தூக்கினார்கள், சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் கேவலம்.

என் சட்டைப் பையில் அப்போது ஒரு சின்னக் கடதாசி உறை இருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, அந்த உறை. 'காலை 1' என்று பேனையால் கிறுக்கியிருக்கும். அன்று காலையும் அதில் ஒன்றை எடுத்து விழுங்கியிருந்தேன். கையைத் தூக்கியபோது உறை சரசரத்தது எனக்கு மட்டும் கேட்டது.

மூன்றாவது பாயில் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அவள் அழவுமில்லை, கை தூக்கவுமில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் வேன் பள்ளத்தில் இறங்கிய கதையை எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்கிறதுக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை, மன்னிக்க வேண்டும்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். தோட்டத்துப் பிள்ளைகளைக் காலையில் மாத்தளை டவுனுக்கு இறக்கி, பின்னேரம் ஏற்றி வருவேன். அத்தோடு எங்கள் கோயிலின் உபதேசியாராகவும் இருந்தேன். ஃபாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபமாலை சொல்வது, வியாழக்கிழமை செபக்கூட்டம் நடத்துவது எல்லாம் நான்தான். 'ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே' என்பார்கள். அந்தப் பழமொழியை யாரோ என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லியிருக்க வேண்டும்.

பிலோமினா என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா பாதிய எழுதாதீங்க," என்றாள். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

டயரைப் பார்த்த காலை

டீசலுக்கு வரிசையில் கிடந்த காலம் முடிந்து, வாழ்க்கை ஒருமாதிரி பழைய பாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லும்போதுதான் எனக்குச் சரியில்லாமல் போனது.

காலை ஏழு மணி. வேன் நிறையப் பிள்ளைகள். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். திடீரென்று மூச்சு எடுக்க முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. கை விரல்களில் உணர்ச்சி இல்லை. செத்துப்போகப் போகிறேன், பிள்ளைகளையும் கொண்டு பள்ளத்தில் விழப்போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது.

எப்படியோ ஓரமாக நிறுத்தினேன். "டயர்ல ஏதோ சத்தம், ஒருத்தரும் எறங்கக் கூடாது!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு இறங்கினேன். பின் டயருக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் டயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளைகள் என்னவோ விளையாட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். ரப்பரின் சூடு இன்னும் கையில் ஞாபகம் இருக்கிறது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஒரு இளம் டாக்டரம்மா, என் மகள் வயது இருக்கும், மெதுவாகச் சொன்னார்: "இருதயம் நல்லா இருக்கு ஐயா. மனசுதான் களைச்சிருக்கு. மனநல கிளினிக்குக்கு ஒரு துண்டு தாறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "நான் உபதேசியார், தெரியுமா? நாலு பேருக்குப் புத்தி சொல்ற எனக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா துண்டை எழுதி நீட்டினார்.

வீட்டுக்கு வந்து துண்டைக் கசக்கி எறிந்தேன். என் மனைவி ரெஜினா அதை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துச் சரிப்படுத்தினாள்.

"பல்லு வலிச்சப்ப பல்லு டாக்டர்கிட்ட ஓடுனீங்களே, அப்ப எங்க போச்சாம் உங்க விசுவாசம்?" என்றாள்.

"பல்லும் மனசும் ஒன்னாடி?"

"பல்லாவது ஒங்களுக்கு மட்டும் வலிச்சிச்சு. வேன்ல முப்பது பிள்ளைங்க இருக்கு."

 கிளினிக்குக்குப் போனேன். இரண்டு வாரம் வேன் ஓட்ட வேண்டாம் என்றார்கள், ஓட்டவில்லை. பெற்றோர்களிடம் கியர்பொக்ஸ் கழற்றியிருக்கிறது என்று சொன்னேன். வந்த திகதியும் மருந்தும் எழுதும் கிளினிக் கொப்பியைக் கோயில் கலண்டரில் இருந்து கிழித்த மாதா படத்தால் அட்டை போட்டு வேன் சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அன்றே தொடங்கியது.

வேப்பிலை

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியாது.

நான் இளந்தாரியாக இருந்த காலத்தில், தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒரு பெண் பேசாமல் கொள்ளாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார்கள். லயத்து வரிசை வீட்டு வாசலில் அவளை உட்காரவைத்து வேப்பிலையால் அடித்தார்கள். நான் அப்போதுதான் உபதேசியார் பயிற்சி முடித்து வந்திருந்தேன். நேரே போய்ப் பூசாரியின் கையிலிருந்து வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன்.

"சீக்காளிய அடிப்பியா? வெக்கமா இல்ல உனக்கு? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கப்பா!"

கொண்டுபோனார்கள், அவளும் தேறிவந்தாள். அந்தக் கதையை நான் எத்தனை பிரசங்கத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு ஒரு சாண் உயரும். அப்படிப்பட்ட மனிதன் நான். பிறகு நான் செய்ததைக் கேளுங்கள்.

பாவனாவும் பாவனையும்

கிளினிக்கில் ஒரு சிங்கள நர்ஸ் இருந்தார். எல்லோரும் மிஸ் என்போம். கொஞ்சம் தமிழ் பேசுவார். மூன்றாவது தடவை போனபோது அவர் சொன்னார்: "மருந்தும் எடுங்க, சனிக்கிழம பாவனாவுக்கும் வாங்க. ரெண்டும் வேணும். ஒன்ன விட்டு ஒன்னு வேணாம்."

சிங்களத்தில் பாவனா என்றால் தியானம். பன்சலை எனும் புத்த விகாரைக்குப் பின்னால் இருந்த ஒரு மண்டபத்தில் அது நடந்தது. வெள்ளை உடுத்த பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் பன்சலை வாசலில் செருப்புக் கழற்றுவதை யாராவது பார்த்துவிட்டால்? சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன்.

"வாடி வென்ன," என்று உட்காரச் சொன்னார் மிஸ். உட்கார்ந்தேன். கண்ணை மூடு, மூச்சைப் பார், அவ்வளவுதான் வேலை. முப்பது வருடம் செபம் சொன்னவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். ஐந்து மூச்சு பார்த்திருக்க மாட்டேன். பிரேக் ஞாபகம் வந்தது. வேனில் வாந்தியெடுக்கும் பிள்ளையின் ஞாபகம் வந்தது. கால் மரத்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன், எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். நானும் முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை மிஸ் கேட்டார்: "கெதர பாவனா கரனவத?" வீட்டில் தியானம் செய்கிறீர்களா என்று. ஒருநாளும் செய்யவில்லை. ஆனாலும், "கரனவா மிஸ், கரனவா," செய்கிறேன் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தச் சொல் என் தமிழ்க் காதில் விழுந்தது. பாவனை செய்கிறேன் என்றல்லவா சொல்லியிருக்கிறேன்? தமிழில் அது சத்தியமான பதில்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. நம் நாட்டுத் தமிழில் பாவிப்பது என்றால் உபயோகிப்பதும்தானே? சனிக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று லயத்தில் கேட்டால், "பாவிச்ச டயர் ஒன்னு பார்க்கப் போறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு கிழமையாகப் பார்த்தும் ஒரு டயர் அமையவில்லை. ஒருநாள் ரெஜினா என் கழுத்துக்கு வலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். போத்தலைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி லேபிளை வாசித்தாள். "வெளிப் பாவனைக்கு மட்டும்." பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதக் கிழிச்சி ஒங்க நெத்தியில ஒட்டணும்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் விடியற்காலை, வேன் கழுவுவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்னே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். பனி மூட்டம். கீழே பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம், யார் வீட்டிலோ வானொலி. மூச்சு உள்ளே போகும்போது 'இயேசுவே', வெளியே வரும்போது 'இரங்கும்'. வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் விளக்கவில்லை. பயம் வந்தது. மிஸ் சொல்லியிருந்தார், வந்தால் வரட்டும், துரத்தவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம் என்று. விட்டுவிட்டேன். அது கொஞ்ச நேரம் நெஞ்சில் இருந்துவிட்டுப் போய்விட்டது.

அன்று காலை நான் செய்ததுதான் என் ஆயுளில் செய்த முதல் செபம் என்று நினைக்கிறேன். அதுவரை நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், கடவுளைப் பேச விட்டதில்லை. அதன்பின் ஒவ்வொரு காலையும் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் அந்த வளைவை மூச்சடைக்காமல் கடந்தேன்.

மருந்து, மூச்சு, செபம். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்தபடியே கோயிலில் சொல்லியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி இருந்திருக்காது.

கோயில் வாசலில்

ஏன் சொல்லவில்லை? மனநல கிளினிக்குக்குப் போகிறவன் வேனில் பிள்ளைகளை ஏற்றுவார்களா என்ற பயம். பன்சலைக்குப் போன உபதேசியாரை ஃபாதர் என்ன சொல்வார் என்ற பயம். இதெல்லாம் நியாயமான பயம்தான். ஆனால் இதற்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே! என்னைச் சாட்சி சொல்லும்படி யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. நன்றாக இருந்த ஒரு நாளில், நாற்பது முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாய் சும்மா இருக்கவில்லை. ஞானோபதேச வகுப்பில் 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்று எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணவைத்த வாய் அது.

கூட்டம் முடிந்ததும் மழை விடவில்லை. வாசலில் நின்றேன். பிலோமினா வந்து பக்கத்தில் நின்றாள்.

"உபதேசியாரண்ணே, ஒன்னு கேக்கவா?"

"கேளு தங்கச்சி."

"நான் டவுன் கிளினிக் குளிச பாவிக்கிறேன். சின்னவன் பொறந்ததுல இருந்து. மொதல்ல எந்திரிக்கவே முடியாம கெடந்தேன், அப்புறந்தான் கொழுந்து மலைக்குப் போக வர முடிஞ்சிச்சு." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க நெசமாவே ஒன்னும் பாவிக்கலயாண்ணே?"

பாவிக்கலயா. அந்தச் சொல்லுக்குள் ஒரு பாவி இருப்பது அன்று என் காதில் விழவில்லை.

"இல்ல தங்கச்சி."

"அப்ப நானும் நிப்பாட்டிட்டா ஆண்டவரு பாத்துக்குவாரா?"

அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். அவசரப்படாதே, மிஸ்ஸிடம் கேள் என்றால் முடிந்தது. ஆனால் பாய் சுருட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நான் அவர்களுக்காகத்தான் பதில் சொன்னேன்.

"விசுவாசம் இருக்கிறவங்களுக்கு எதுக்கு தங்கச்சி ரெண்டு வழி?"

"ஆமென்," என்றார்கள் அந்தப் பெண்கள். பிலோமினா தலையாட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி, "உபதேசியாரண்ண மாதிரி நானும் குளிசய நிப்பாட்டிட்டேன். ஏழு நாளாச்சி. நல்லா இருக்கேன்," என்றாள்.

ஒரு வினாடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் கை தட்டினேன்.

பீலியில்

ஒரு மாதம் போயிருக்கும். "பிலோமிய ரெண்டு கெழமையா கோயில் பக்கம் காணல. போய்ப் பாத்தீங்களா?" என்று ரெஜினா கேட்டாள். மழை என்றேன். "மழையா? மத்தவங்க எல்லாம் எந்த நாட்டுல இருந்து வர்றாங்களாம்?" என்றாள். போக எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

ஒரு பௌர்ணமி போயா விடுமுறை நாள் காலை, அவளுடைய புருசன் அருள்ராஜ் வந்தான். சாரத்தை மடித்துக் கட்டியபடி, ஓடி வந்திருந்தான்.

"வேன எடுங்கண்ணே. பிலோமி சோறு தின்னு நாலு நாளாச்சி. தூங்குறதும் இல்ல. பீலியில ஒரே சட்டியத் தேச்சுக்கிட்டு நிக்கிறா. கூப்பிட்டா வர்றா இல்ல."

போனோம். பனியில் நனைந்தபடி பீலிக்கு அடியில் குந்திக்கொண்டிருந்தாள். தேங்காய் மட்டையும் மண்ணும் போட்டு ஒரு அலுமினியச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டி பளபளத்தது. அவள் விரல்கள் தோல் உரிந்து சிவந்திருந்தன. ரெஜினா பக்கத்தில் குந்தி, அவள் கையைப் பிடித்து மட்டையை வாங்கினாள். வேனில் ஏறச் சொன்னதும் ஏறினாள்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி இறங்கியிருப்போம். பின் சீட்டிலிருந்து அவள் பேசத் தொடங்கினாள்.

"எனக்கு விசுவாசம் பத்தலண்ணே. ஒங்களுக்குச் செவி குடுத்தவரு எனக்குக் குடுக்கல. நான் என்னமோ பெரிய பாவம் செஞ்சிருக்கேன். என்னான்னுதான் தெரியல. தேய்க்கத் தேய்க்க யோசிச்சிப் பாக்குறேன், தெரிய மாட்டேங்குது."

கண்ணாடியில் ரெஜினாவின் முகம் தெரிந்தது. "இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

வேனை ஓரம் கட்டினேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, மாதா படம் போட்ட கிளினிக் கொப்பியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.  

பிலோமினா கொப்பியைத் திறந்தாள். அவளுக்கு அந்தக் கொப்பி பழக்கமானது, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரியும். தோல் உரிந்த விரலை வைத்து ஒவ்வொரு திகதியாகப் பார்த்தாள்.

"இது நீங்க சாட்சி சொல்றதுக்கு முந்தி."

"ஆமா தங்கச்சி."

"அன்னைக்குக் காலையிலயும் குளிச போட்டீங்களா?"

"போட்டேன்."

அவள் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். 

"நான் நிப்பாட்டிட்டேன்னு சொன்னப்ப, மொதல்ல கை தட்டுனது நீங்கதானேண்ணே?"

அருள்ராஜ் கதவைத் திறந்து இறங்கினான். என் பக்கம் வந்து அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுதான் இருந்தது. அவன் தேயிலையைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு ஏறி உட்கார்ந்து, "வண்டிய எடுங்க," என்றான்.

மறுபடியும் அதே கோயிலில்

அவளை வார்டில் நிறுத்திக்கொண்டார்கள். நல்லபடியாகப் பார்த்தார்கள். ரெஜினா ஒன்றுவிட்டு ஒருநாள் சோறு கொண்டுபோனாள். பிலோமினா மூன்று கிழமையில் வீட்டுக்கு வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். பிறகு மலைக்கும் போகத் தொடங்கினாள்.

அவள் வார்டில் இருக்கும்போதே ஒரு வியாழக்கிழமை நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டயர் பிடித்தது, கிளினிக், மாத்திரை, பன்சலை மண்டபம், வாசலில் பிலோமினாவிடம் சொன்ன பொய் எல்லாம். "மருந்து எடுக்கிறவங்க யாரும் நான் சொன்னதக் கேட்டு நிப்பாட்டாதீங்க. நான் சொன்னது பொய்ச்சாட்சி," என்றேன்.  காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன்.

 முன் பாயில் இருந்த ஒருவர், "ஆண்டவருக்குத் தோத்திரம்! எவ்வளவு தாழ்ம பாருங்க!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். "கை தட்டாதீங்க!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். சிலர் அழுதார்கள். நான் பாதியில் இறங்கி வெளியே வந்துவிட்டேன். அந்தக் கைதட்டல் கேட்டு என் உடம்பு கூசியது போல வேறெதற்கும் கூசியதில்லை.

உபதேசியார் வேலை வேண்டாம் என்று ஃபாதரிடம் சொல்லி, கோயில் கதவுத் திறப்பை அவர் கையில் கொடுத்தேன். பன்சலைக்குப் போனதற்காக அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "மூச்சும் அவர் குடுத்ததுதானே," என்றார். பொய்ச்சாட்சி சொன்னதற்கு, திறப்பை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

வேனைப் பற்றி நான் பயந்த மாதிரி நடக்கவில்லை. இரண்டு வீட்டார் மட்டும் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் பிள்ளைகளை ஏற்ற வந்து நிற்கும் தாய்மாரில் சிலர், யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணே, அந்தக் கிளினிக் எந்த நாள்?" என்று கேட்டார்கள். இத்தனை பேர் என் முன்னால் பாயில் உட்கார்ந்துகொண்டு, என் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் முகம் காந்துகிறது.

இப்போதும் காலையில் வாளியைக் கவிழ்த்து உட்காருகிறேன். மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள், நானாகக் குறைக்கவில்லை. வியாழக்கிழமை கூட்டத்தில் கடைசிப் பாயில் இருந்து பேசாமல் வருகிறேன். சில நாள் மனசு நன்றாக இருக்கும். சில நாள் சட்டியும் விரல்களும் கண்ணுக்குள் வரும். அவற்றையும் துரத்த வேண்டாம் என்று மிஸ் சொல்கிறார்.

போன மாதம் கிளினிக்கில் பிலோமினாவைப் பார்த்தேன். காத்திருக்கும் வாங்கில் எனக்கு முன்னால் இரண்டு நம்பர். முகம் தெளிந்திருந்தது. சின்னவன் பள்ளிக்கூடம் போகிறானாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை கேட்ட மன்னிப்பை இன்னொரு தடவை கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ குடுத்துட்டேண்ணே. நீங்கதான் வாங்கிக்கிற மாதிரி இல்ல," என்றாள். லேசாகச் சிரிக்கவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. "அப்ப வியாழக்கெழம வரலாமே தங்கச்சி? இப்ப நான் பேசுறதில்ல."

அவள் கையிலிருந்த நம்பர் துண்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, வீட்டுலயாவது செபம் பண்றியா?"

கையிலிருந்த கொப்பியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். குரலில் கோபமே இல்லை.

"முந்தி, கொழுந்து பறிக்கிறப்ப மனசுக்குள்ளயே ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பேண்ணே. யாருக்கும் கேக்காது. எந்திரிக்க முடியாமக் கெடந்தப்பகூட அது மட்டும் ஓடிக்கிட்டே இருந்திச்சி. இப்ப கண்ண மூடுனா ஒங்க சத்தந்தான் கேக்குது."

அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனாள்.